பாட்டி விட்டுப்போன புரதம்: ஒரு புழுவின் கதை

ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு. பக்ரீறியாவைத் தின்று வாழும். முட்டை வளர்ந்த புழுவாக மூன்று நாள் போதும், மொத்த ஆயுளே இரண்டு மூன்று கிழமைதான். பெயர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நோய் தராது, பயிரைக் கெடுக்காது. பிறகு ஏன் இதுக்கு ஒரு வரலாறு? பரம்பரை பற்றி நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய விடையை இந்தப் புழு கொஞ்சம் அசைத்துப் பார்த்திருக்கு.

1963இல் கேம்பிறிட்ஜில் இருந்த சிட்னி பிரெனர், தன் ஆய்வுகூடத் தலைவர் மக்ஸ் பெரூட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மூலக்கூற்று உயிரியலின் பெரிய கேள்விகள் கிட்டத்தட்ட முடிந்துவிட்டன, இனி விருத்தியையும் நரம்புத்தொகுதியையும் படிக்கவேணும் என்பது அதன் சாரம். அதற்கு அவர் தெரிந்தெடுத்தது இந்தப் புழுவை. ஜோன் சல்ஸ்ரனும் கூட்டாளிகளும் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு கலப்பிரிவையும் கண்ணால் பார்த்து வரைந்தார்கள். 1983இல் முழு வரைபடமும் கைக்கு வந்தது. வளர்ந்த இருபாற் புழுவின் உடலில் 959 கலங்கள். வழியில் 131 கலங்கள் திட்டமிட்டபடி செத்துப்போகின்றன.

இங்கதான் சிக்கல். எல்லாக் கலத்திலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. அப்ப ஒன்று குடலாகவும் இன்னொன்று நரம்பாகவும் மாறுவது எப்படி?

டிஎன்ஏ கருவுக்குள் தனியாகக் கிடக்கிறதில்லை. ஹிஸ்ரோன் எனும் புரதங்களில் நூல்போலச் சுற்றிக்கிடக்கிறது. இந்தக் கலவைதான் குரோமற்றின். கனகாலமாக இதை வெறும் பொதிகட்டும் சாமான் என்றே நினைத்தார்கள். ஆனால் ஹிஸ்ரோனில் மெதைல் போன்ற சிறு கூட்டங்கள் ஒட்டும் இடத்தைப் பொறுத்து, அந்தப் பகுதியின் பரம்பரையலகு வேலை செய்யும், அல்லது அடங்கிப்போகும். ஒட்டுவதற்கு, கழற்றுவதற்கு, வாசிப்பதற்கு என்று தனித்தனிப் புரதங்கள் இருக்கு.

1991இல் சூசன் ஸ்ற்றோமின் ஆய்வுக்குழு ‘மெஸ்’ எனும் பரம்பரையலகுகளைப் பற்றி எழுதியது. இவை பழுதான புழுவுக்குப் பிள்ளைகள் பிறக்கும். ஏனென்றால் அதன் தாய் முட்டைக்குள்ளேயே அந்தப் புரதத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளோ மலடாகிப் போகும். அதாவது பாட்டி கொடுத்தது ஒரு தலைமுறைக்குத்தான் காணும். இவற்றில் சில, பழ ஈயின் விருத்தியில் பரம்பரையலகுகளை அடக்கிவைக்கும் குரோமற்றின் புரதங்களின் உறவு என்று பிறகு தெரிந்தது.

முதுமையின் கதை வேறொரு பாதையில் வந்தது. 1993இல் சிந்தியா கென்யனின் குழு, ‘டாஃப்-2’ எனும் ஒற்றைப் பரம்பரையலகில் விகாரம் வந்தால் புழுவின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று காட்டியது. 2010இல் ஆன் புறூனேயின் குழு இரண்டு பாதைகளையும் சேர்த்தது. ஹிஸ்ரோனில் ஒரு குறித்த இடத்தில் மெதைல் ஒட்டும் புரதக் கூட்டைக் குறைத்தால் புழு கூடநாள் வாழ்ந்தது. அதுவும் முட்டையை உண்டாக்கும் கலங்கள் ஒழுங்காக இருந்தால் மட்டும்.

அடுத்த வருசம் வந்ததுதான் ஆச்சரியம். அந்த விகாரப் புழுக்களைச் சாதாரண புழுக்களோடு கலந்து, பரம்பரையலகுகள் முழுக்கச் சாதாரணமான வாரிசுகளைத் தெரிந்தெடுத்தார்கள். அவையும் மூன்று தலைமுறைக்குக் கூடநாள் வாழ்ந்தன. பிறகு அந்த விளைவு மறைந்தது. விகாரம் போய்விட்டது, அதன் ஞாபகம் போகவில்லை. 2019இல் இன்னொரு குழு, இந்த நீண்ட ஆயுள் விகாரம் வந்த உடனே தெரிவதில்லை, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துதான் வருகிறது என்று எழுதியது.

இதை வாசித்துவிட்டு, பெற்றோர் பட்டதெல்லாம் எங்கட உடம்பிலும் எழுதியிருக்கு என்று சொல்ல ஆசை வரும். கொஞ்சம் பொறுப்பம். புழுவின் தலைமுறை மூன்று நாள். மனிதரில் வளர்ப்பு, பசி, வீடு, நினைவு எல்லாவற்றையும் பிரித்துவிட்டுக் குரோமற்றினை மட்டும் அளப்பது லேசில்லை. ஆனால் ஒன்றை மட்டும் நாங்கள் துணிந்து சொல்லலாம். பரம்பரை என்றால் டிஎன்ஏயில் இருக்கிற எழுத்து மட்டும்தான் என்ற பழைய பாடம் இந்தப் புழுவுக்குக்கூடப் போதவில்லை.