சுருட்டுப் பட்டறையில் நாவல் வாசித்தவர்கள்



போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் படித்துப் பேசுகிறார்களாம். "இதெல்லாம் வசதியானவங்க பழக்கம்னு வீட்டுல கேலி பண்றாங்க சார்" என்றாள். இல்லையம்மா என்று ஆரம்பித்தேன், போனில் முடியவில்லை. வகுப்பில் கியூபா என்றால் கரும்பும் சுருட்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1865-இல் ஹவானா நகரில், எல் ஃபிகாரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளிகள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்கச் சுருட்டுச் சுற்றுவார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. அதனால் தங்களில் ஒருவரை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். அவருக்குப் போகும் கூலியை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். இதற்குத் தூண்டுகோல், தொழிலாளர்களுக்காக 'லா அரோரா' என்ற பத்திரிகை நடத்திய சாத்தூர்னினோ மார்த்தினெஸ். அவரும் சுருட்டுத் தொழிலாளிதான். அடுத்த மே மாதமே ஸ்பானிய ஆளுநர் இந்த வாசிப்புக்குத் தடை போட்டுவிட்டார். படிக்காதவன் காதில் விழுகிற புத்தகத்துக்கும் அரசாங்கம் பயப்படும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

1868-இல் விடுதலைப் போர் மூண்டதும் பலர் கடல் கடந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே தாம்பா நகரின் ஈபோர் சிட்டி பகுதியில் வாசிப்பு செழித்தது. காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். எந்த நாவல் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். விக்தர் ஹியூகோ, டூமா, ஸோலா, செர்வாண்டிஸ் எல்லாம் அந்தப் புகையிலை வாசனைக்குள் வந்தார்கள். வாசிப்பவர் உயரமான மேடையில் நின்று, மைக் இல்லாமல், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் மாற்றி வாசிப்பார். பிடித்துவிட்டால் இலை வெட்டும் கத்தியால் மேஜையில் தட்டுவார்கள். அதுதான் கைதட்டல். லூயிசா காபெட்டில்லோ என்ற போர்ட்டோ ரிக்கோ பெண்மணியும் இப்படி வாசித்தவர். பின்னாளில் ஹவானாவில் கால்சட்டை போட்டு நடந்ததற்காகக் கைதானாரே, அவரேதான்.

முக்கியமான விஷயம், வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளிகள் வாராவாரம் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அதனால் எதை வாசிப்பது என்று முதலாளியால் சொல்ல முடியவில்லை. 1931 நவம்பரில் தாம்பா முதலாளிகள், தீவிரவாதக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பொருளாதார மந்தக் காலம், சம்பளமே நிச்சயமில்லை. அப்போதும் கதை கேட்கும் உரிமைக்காக வேலையை விட்டு வெளியே வந்தார்கள். தோற்றுத்தான் போனார்கள். வாசிப்பவர் இருந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. ரேடியோவிடம் "அந்த இடத்தை இன்னொரு தரம் வாசி" என்று கேட்க முடியுமா? கியூபாவில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது.

நம் பக்கமும் இது இருந்தது. கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளிகள் சுற்றிக்கொண்டே செய்தித்தாளும் நாவலும் வாசிக்கக் கேட்டார்கள். 1969-இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் அது தொடர்ந்தது.

எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்தான் அந்த வேலையைப் பார்த்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவாள். எதிர்வீட்டு அத்தையும் இன்னும் இரண்டு பேரும் வந்து உட்காருவார்கள். நூலகத்திலிருந்து எடுத்து வந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் பள்ளி விட்டு வந்து வாசித்து முடித்தேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார் இல்லையா, அதில் மூண்டது சண்டை. நந்தினிதான் என்று அத்தை. "அவ செஞ்சிருக்க மாட்டா, நீ அந்த எடத்த மறுபடி படில" என்று அம்மா. மூன்று முறை படித்தேன். அன்றைக்கு ஒருவருக்கும் ஆயிரம் பீடி தேறவில்லை.