அகில்

அகில் (பெ.): மணமுள்ள மரம், அதன் கட்டை, அதைப் புகைத்து எழும் நறும்புகை.

மரத்தைப் பூஞ்சை தாக்கும்போது சுரக்கும் கரும்பிசின்தான் மணத்துக்குக் காரணம். நோயில்லாத கட்டை மணப்பதில்லை. சங்க மகளிர் கூந்தலுக்கு ஊட்டியது அகிற்புகை. மேற்கு மலையின் ஆரமும் (சந்தனம்) அகிலும் புகார்த் துறைக்கு வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளகில் வேறு இனம். இன்று புகை என்றால் சாம்பிராணிதான். அகில் கட்டை வேண்டுமானால் நாட்டு மருந்துக் கடையில்தான் கேட்க வேண்டும்.

எபிரேயத்தில் இது ‘அஹாலிம்’, ‘அஹாலோத்’. விவிலியத்தில், இஸ்ரயேலரைச் சபிக்கக் கூலிக்கு அழைக்கப்பட்ட பிலேயாம் வாழ்த்துப்பா பாடிவிடுகிறான். அவர்களின் கூடாரங்களுக்கு அவன் காட்டும் உவமைகளில் ஒன்று அஹாலிம் (எண்ணாகமம் 24:6). உன்னத சங்கீதத்தின் காதல் பாட்டிலும் வெள்ளைப்போளத்தோடு அஹாலோத் மணக்கிறது.

இச்சொல்லைத் தமிழ், மலையாள ‘அகில்’ என்பதோடு இணைத்தவர் மொழியியல் அறிஞர் கால்டுவெல். வடமொழி ‘அகரு’, கிரேக்க ‘அகல்லோகோன்’ ஆகியவையும் இதே குடும்பம். சொல் எந்த வழியாகப் போனது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நம் அகில் பிலேயாம் பாடிய வறண்ட நிலத்தில் வளராது. ஆகவே பிலேயாம் சொன்னது வேறு மரம் என்பாரும் உளர். காதல் பாட்டில் வருவதோ கப்பலேறிப் போன வாசனைச் சரக்கு. அங்கே அகில் என்று பொருள் கொள்வதில் தடையில்லை.