மலையுச்சியிலிருந்து பூமியை அளந்த அல்பிரூனி

அஸர் வக்தை அறிய நம் முன்னோர் குச்சியின் நிழலை அளந்தனர். ஒரே வேளையில் 3 அடிக் குச்சிக்கு 2 அடி நிழல் விழுமாயின், 40 அடி நிழல் தரும் மினாராவின் உயரம் 60 அடி. ஏறி அளக்க வேண்டுவதில்லை. இரண்டும் வடிவொத்த செங்கோண முக்கோணங்கள். ஒன்றின் பக்க விகிதமே மற்றதற்கும் உரியது.

இவ்விகிதத்தைக் கொண்டு பூமியின் ஆரத்தையே கணக்கிட்டவர், 973இல் குவாரிஸ்மில் பிறந்த அபூ ரைஹான் அல்பிரூனி. கஸ்னா நகரின் கிப்லாவைச் சரிவர நிர்ணயிக்க அவர் ஒரு நூல் எழுதி, 1025இல் நிறைவு செய்தார். ஊர்களுக்கிடையேயுள்ள தூரத்தைப் பாகையாக மாற்றப் பூமியின் அளவு தெரிந்தாக வேண்டும். கலீஃபா மாமூன் காலத்து அறிஞர்கள் இதற்காகச் சின்ஜார் பாலைவெளியில் வடக்கும் தெற்குமாக நடந்து, ஒரு பாகைக்குச் சுமார் 56 மைல் எனக் கண்டிருந்தனர். பிரூனி நடக்காமலே அளக்க விரும்பினார்.

அதற்கு வாய்த்த இடம் நந்தனா கோட்டை. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில், உப்பு மலைத்தொடரில் உள்ளது. எதிரே பரந்த சமவெளி. அளவுக் கோடிட்ட சதுரப் பலகையால் மலையை நோக்கி, பலகையில் அமைந்த சிறு முக்கோணத்தின் விகிதத்தால் உயரம் சுமார் 652 முழம் எனக் கண்டார். பின் உச்சியில் நின்று, தொடுவானம் கிடைமட்டத்திற்கு எவ்வளவு தாழ்ந்திருக்கிறதென அளந்தார்: 34 நிமிடம், அதாவது ஒரு பாகையில் சற்றே பாதிக்கு மேல்.

பூமியின் மையம், தொடுவானப் புள்ளி, மலையுச்சி இம்மூன்றையும் இணைத்தால் செங்கோண முக்கோணம் கிடைக்கும். மையத்திலுள்ள கோணமும் அதே 34 நிமிடமே. அக்கோணமுடைய செங்கோண முக்கோணம் எதுவாயினும் பக்க விகிதம் மாறாது. சைன் அட்டவணை அதைத் தந்துவிடும். இவ்வாறு அவர் பெற்ற ஆரம் 1,28,03,337 முழம்.

இது இன்றைய அளவோடு ஏறத்தாழ முழுதும் பொருந்துவதாகப் பலர் எழுதுகின்றனர். பெருமை பேசும் ஆர்வம் புரிகிறது. ஆனால் அவருடைய முழத்தின் நீளம் இன்று உறுதியாகத் தெரியாது. கோணத்தில் ஒரு நிமிடம் பிசகினாலே ஆரம் சுமார் 6 விழுக்காடு மாறும். காற்றில் ஒளி வளைவதும் அக்கணக்கில் சேரவில்லை. பிரூனிக்கே இவ்விஷயத்தில் மயக்கமில்லை. பிற்காலத்தில் எழுதிய அல்கானூன் அல்மஸ்ஊதியில், மாமூனின் அறிஞர்களுடைய கருவிகள் நுட்பமானவை, உழைப்பும் பெரிது எனக் கூறி, அவர்களின் அளவையே ஏற்றுக்கொண்டார்.