இலங்கையின் செல்வநிலையும் டாலரின் வாங்கும் சக்தியும்

ஒரு தேசத்தின் செல்வநிலையை மற்றொரு தேசத்தின் செல்வநிலையோடு ஒப்பிடப் புகுவோர், நாணய மாற்று விகிதத்தை மட்டும் துணைக்கொண்டு கணக்கிடுவாராயின், ஏழை நாடுகளில் மலிவாய்க் கிடைக்கும் அரிசி, தேங்காய், பஸ் பிரயாணம், முடிதிருத்துவோர் உழைப்பு ஆகியவற்றின் மதிப்பைக் குறைத்தே எண்ணுவர் என்பது பொருளியலார் ஒப்பிய விஷயம். ஒரே பண்டங்கள் அந்தந்த நாட்டில் விற்கும் விலையைக் கொண்டு நாணயங்களை ஒப்பிட்டு இக்குறையை நீக்கும் பிரமாணமே வாங்கும் சக்திச் சமநிலை. முதல் உலக யுத்த காலத்தில் ஸ்வீடன் தேசத்துப் பொருளியலார் குஸ்தாவ் காஸெல் இதற்குப் பெயரிட்டார். 1968-ல் பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் இர்விங் கிராவிஸ் தலைமையில், ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கிய சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் இதனை நடைமுறைக் கணக்காக்கியது. இலங்கை போன்றதொரு சிறு தீவு நாட்டின் ஜனங்களுடைய ஜீவனத்தை அளக்க இப்பிரமாணம் தக்கது. அந்நாட்டு அரசின் கடன் தீர்க்கும் திறனை அளக்கத் தகாதது. இதுவே நமது சித்தாந்தம்.

நாணயம் ஒன்றேயாயினும் அதன் சக்தி இடந்தோறும் வேறுபடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அந்நாட்டுப் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை வெளியிடும் மாநில விலைமட்டக் குறியீட்டில், தேசச் சராசரியை 100 என்று கொண்டால், கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் அதற்கு வெகுவாக மேலே நிற்க, டெக்ஸஸ் சற்றுக் கீழே நிற்கிறது. வீட்டு வாடகையே இதன் முதற்காரணம். ஆகவே கலிபோர்னியாவின் ஃபிரீமாண்டில் வாழும் தமிழரின் டாலரும் டெக்ஸஸின் பிளேனோவில் வாழும் தமிழரின் டாலரும் ஒரே சம்பளக் கணக்கில் ஏறினும், ஒரே வாழ்வைத் தருவதில்லை.

நியூ ஜெர்சியின் எடிஸனிலிருந்து யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒருவர் அனுப்பும் பணம், அங்கே கூலியாகவும் காய்கறியாகவும் மாறும்போது அமெரிக்காவில் வாங்கக்கூடியதைக் காட்டிலும் பன்மடங்கு வாங்குகிறது. பெட்ரோலாகவும் இறக்குமதி மருந்தாகவும் மாறும்போதோ அம்மேன்மை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எல்லை கடந்து விற்பனையாகும் பண்டங்களின் விலை உலகச் சந்தையில் நிச்சயமாவதும், கூலி உள்நாட்டு உற்பத்தித் திறனைப் பொறுத்து அமைவதுமே இதற்குக் காரணம் என்று பொருளியலார் பலாஸாவும் சாமுவேல்ஸனும் 1964-ல் தனித்தனியே விளக்கினர். எரிபொருள், கோதுமை, பால்மா, மருந்து ஆகியவற்றுக்குக் கடல் கடந்த தேசங்களை நம்பும் ஒரு தீவுக்கு இவ்விளக்கம் முழு வலிமையோடு பொருந்துகிறது.

கடன் தீர்க்கும் திறனைச் சமநிலைக் கணக்கு காட்டாது என்பதற்கு 2022-ல் இலங்கையில் நிகழ்ந்தவை போதிய சான்று. சமநிலைக் கணக்கின்படி இலங்கையரின் தலா வருமானம், மாற்று விகிதக் கணக்கைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்டதாயிருந்தது. ஆயினும் மார்ச்சில் ரூபாயின் கட்டுத் தளர்த்தப்பட்டதும், டாலருக்குச் சுமார் 200 ஆயிருந்த விகிதம் மே மாதத்தில் 360 அளவை எட்ட, ஏப்ரல் 12-ல் அந்நியக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசு அறிவிக்க, எரிபொருட் கப்பல்கள் பணம் வேண்டிக் கொழும்புக் கரைக்கு அப்பால் காத்து நின்றன. அவ்வாண்டு உண்மை உற்பத்தி ஏறத்தாழ 7 சதவீதமே சுருங்கியதாதலின், சமநிலைக் கணக்கை மட்டும் நோக்கியோர்க்கு அந்நியச் செலாவணி வற்றிய அபாயத்தின் அளவு புலப்பட்டிராது.

இனி, சமநிலைக் கணக்கு தேசம் முழுமைக்கும் ஒரே எண்ணை வழங்குவதும் ஒரு குறைபாடே. இலங்கைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டவாரியாக வெளியிடும் வறுமைக்கோடு கொழும்பில் உயர்ந்தும் மொனராகலையில் தாழ்ந்தும் இருப்பதைக் காண்போர், ஒரே ரூபாய்க்கு ஒரு தீவினுள்ளேயே பல விலைமட்டங்கள் உண்டென்பதை உணர்வர்.

ஆதலின் வறுமையையும் வாழ்க்கைத் தரத்தையும் ஆராய்வோர் சமநிலைக் கணக்கையும், கடனையும் இறக்குமதியையும் ஆராய்வோர் மாற்று விகிதக் கணக்கையும் கைக்கொள்வதே முறை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் பயிலும் தமிழ் இளைஞர், வடக்கு கிழக்கு மாகாணங்களின் விலைமட்டங்களை மாவட்டந்தோறும் ஆய்ந்து தருவார்களாயின், அப்பிரதேசத்து ஏழை மக்களின் நிலையை உள்ளபடி அறிய அது பேருதவியாகும்.