விலங்கை அகற்றியவர் யார்?

உடல்நோயுற்றாரைக் கண்டு இரங்கிய உலகம், உளநோயுற்றாரை நெடுங்காலம் அஞ்சியும் எள்ளியுமே வந்துளது. சித்தம் கலங்குதற்கு இடம் மூளையே என்று பண்டைக் கிரேக்க மருத்துவ நூலார் எழுதியிருந்தனர். எனினும், பேய்ப்பற்று என்னும் எண்ணம் ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் பல நிலைத்தது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் பெத்திலம் மனையில் நோயாளர் நிலை வேடிக்கைப் பொருளாயிற்று; கண்டு களிக்க வந்தோர்க்கு அங்கு 1770 வரை தடையிருந்ததில்லை.

இந்நிலையை மாற்றியவர் பிரான்சிய மருத்துவர் பிலிப் பினெல் என்பர். அவர் 1793இல் பாரிசிலுள்ள பிசேத்தர் மனைக்கு வந்ததும், பித்தரைப் பிணித்த இரும்பு விலங்குகளைத் தாமே அகற்றுவித்தார் என்பது வழங்கிவரும் கதை. வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு உண்மை வேறாகத் தோன்றும்.

பினெல் 1795இல் சால்பெத்திரியேர் என்னும் பெண்கள் மனைக்கு மாறிச் சென்றார். பிசேத்தரில் விலங்குகள் நீங்கியது 1797இல். நீக்கியவர் அங்கு மேற்பார்வையாளராயிருந்த பியூசன் என்பார். இவர் மருத்துவக் கல்வி பெற்றவரல்லர். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அம்மனையை அடைந்து, குணமடைந்தபின் அங்கேயே பணியாளராய் அமர்ந்தவர். நோயாளரை அடித்தலாகாது என ஊழியரைத் தடுத்தார். நோய் தீர்ந்தோரையே ஊழியராக விரும்பி அமர்த்தினார். துன்பத்தின் தன்மையை அதனை நுகர்ந்தோரே நன்கறிவர் அன்றோ!

பினெலின் பெருமை இதனாற் குன்றுவதன்று. கல்லாத ஒருவரிடம் கற்க அவர் நாணவில்லை. 1801இல் வெளியிட்ட தம் நூலில் பியூசனின் திறனைப் பாராட்டினார். 1802இல் அவரைத் தம் மனைக்கே வருவித்துக்கொண்டார். பினெலின் மகனார் முதலியோர் எழுதியவற்றால் புகழ் முழுவதும் பின்னர் ஒருவர்க்கே உரியதாயிற்று. 1876இல் ரொபேர்-பிளெரி தீட்டிய ஓவியமும் அதனை நிலைநாட்டிற்று.

விலங்கு நீங்கியதும் விடுதலை முழுமை பெற்றதென்று கொள்ளுதல் பிழை. இரும்பின் இடத்தைக் கைகளைப் பிணிக்கும் துணிச்சட்டை பெற்றது. பின்னர்ப் பெருகிய மனைகளில் நெருக்கடியும் பெருகிற்று. 1952இல் பாரிசில் குளோர்புரோமசீன் என்னும் மருந்து கையாளப்பட்ட பின்னரே, மருந்தினால் உளக்கொந்தளிப்பைத் தணிக்கும் காலம் தொடங்கியது.

மருந்தினாலும் நீங்காத விலங்கொன்று உளது. அஃது ஏனையோர் வாயிலிருந்து பிறக்கும் இகழுரை. "விசர்" என்னும் சொல்லை எம்மவர் இன்றும் வசையாகவே வழங்குகின்றனர். அவ்விலங்கை அகற்றுதற்கு மருத்துவர் வேண்டா. பியூசன் போன்ற ஈரநெஞ்சினர் அமையும்.