சிறுநீரகம் யார் கொடுக்கலாம்? - தறியும் தையலும் ஓடும் ஊர்களின் கதை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு ஷிப்டில்தான் ஓடும். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை ஆனால் சம்பளம். பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு டெய்லருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். டயாலிசிஸ் என்பது வழக்கமாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். போக, வர, முடிந்ததும் தலைசுற்றல் அடங்கும்வரை படுத்திருக்க என்று சேர்த்தால் அன்றைய ஷிப்ட் போச்சு. ஆறு வேலை நாளில் மூன்று நாள் காலி! ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையில் பாரம் தூக்கக் கூடாது என்பதால், துணி ரோல் புரட்டுகிற வேலைக்கும் மாற முடியாது.

மிச்சமிருக்கும் வழி மாற்றுச் சிறுநீரகம். உடனே வீட்டில் எழும் கேள்வி, யார் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கான விடை கடந்த எழுபது வருடங்களில் பலமுறை மாறியிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

முதலில் டயாலிசிஸ். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ஜெர்மனியின் பிடியில் இருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943-ல் ஒரு இயந்திரம் செய்தார். இறைச்சி அடைக்கப் பயன்படும் செலோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டு உப்புநீரில் சுழற்றினார். முதல் உயிரை அது காப்பாற்றியது 1945-ல். ஆனால் இயந்திரம் தருவது நாட்களைத்தான். சிறுநீரகத்தைத் தராது.

1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து ரிச்சர்ட் ஹெரிக்குக்குப் பொருத்தினார். இருவரும் ஒரே முகச்சாயல் கொண்ட இரட்டையர்கள். அதனால்தான் உடல் அதை அந்நியப் பொருள் என்று எதிர்க்கவில்லை. ஆக, அன்றைய விடை: இரட்டையர் கொடுக்கலாம். (எத்தனை பேருக்கு இரட்டையர் இருக்கிறார்கள்?) எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்த பிறகு அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று வட்டம் விரிந்தது. இந்தியாவில் உயிருள்ளவர் கொடுத்த சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தியது 1971-ல், நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்.

பெரிய திருப்பம் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து. 1983-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்த உறவே இல்லாதவரின் சிறுநீரகமும் தங்கும் என்று ஆனது. நல்ல செய்திதான். ஆனால் யாருடையது வேண்டுமானாலும் பொருந்தும் என்றால், யாரிடமிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம் என்றும் ஆகிறது அல்லவா? எண்பதுகளில் பம்பாயிலும் சென்னையிலும் சிறுநீரகம் விலைக்குக் கிடைத்தது. வளைகுடா நாடுகளிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்தார்கள். சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பெயரே விழுந்தது. அங்கே ஆய்வு செய்த மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹென் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சிறுநீரகம் விற்க முடியும் என்று தெரிந்த பகுதிகளில் வட்டிக்காரர்கள் கடன் வசூலில் இன்னும் கடுமையாகிவிடுகிறார்கள்! நிலம், நகை மாதிரி சிறுநீரகமும் ஒரு அடமானப் பொருளாகிவிட்டது. வணிகவியல் புத்தகத்தில் இல்லாத பிணையம்.

இதைத் தடுக்கத்தான் 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விற்பதும் வாங்குவதும் குற்றம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் கொடுக்கலாம். மற்றவர்கள் என்றால் 'அன்பின் காரணமாக' கொடுப்பதாக அங்கீகாரக் குழு முன் வந்து சொல்ல வேண்டும். எழுதியவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் புரோக்கர்கள் புகுந்தது அந்த 'அன்பு' என்ற வாசல் வழியாகத்தான்.

விற்றவர்களுக்குக் கடனாவது தீர்ந்ததா? சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-ல் சென்னையில் சந்தித்து எடுத்த ஆய்வு ஒன்று மறுவருடம் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றவர்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 50,000 ரூபாய். பேசியதைவிடக் குறைவு. கடனை அடைக்க விற்றவர்களில் 74 சதவீதம் பேர் ஆய்வின்போதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்றவர்களில் 71 சதவீதம் பெண்கள்.

பெண்கள் என்றதும் இன்னொன்று. சட்டப்படி உறவுக்குள் கொடுக்கும் இடத்திலும் கதை வேறு மாதிரி இல்லை. 1995 முதல் 2021 வரை நாட்டில் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு உட்காருவது பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான். 'சம்பாதிக்கிறவர் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது' என்பார்கள். திருப்பூரில் அந்த மனைவியும் செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ போய்ச் சம்பாதிக்கிறவர்தான், அது கணக்கில் வராது.

அவர் முன்வந்தாலும் முடிந்துவிடாது. ரத்தப் பிரிவு சேர வேண்டும். 'ஓ' பிரிவு நோயாளிக்கு வழக்கமாக 'ஓ' பிரிவுக்காரர்தான் கொடுக்க முடியும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் கொடுப்பவர் கழிக்கப்படுவார். பிறகு உறவை நிரூபிக்கும் தாள்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தைக்கும் தொழிலாளிக்கு அண்ணன் அந்த ஊரில், ஆவணமும் அந்த ஊரில். 2011 திருத்தம் கொஞ்சம் கதவு திறந்தது. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் பட்டியலில் சேர்ந்தார்கள். பிரிவு பொருந்தாத இரண்டு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்துக்கொள்ளவும் அனுமதி வந்தது.

இறந்தவர் கொடுக்கலாம் என்ற விடையும் 1994 சட்டத்திலேயே இருந்தது. மூளைச்சாவை அது அப்போதே ஏற்றுக்கொண்டது. நான்கு மருத்துவர்கள் குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை என்று முறையும் சொன்னது. ஆனால் தமிழ்நாட்டில் அது வேகம் பிடித்தது 2008-ல். அந்த ஆண்டு அரசாணைகள் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றம் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பேசப்பட்ட சம்பவம் அது. 2023-ல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக அரசு அறிவித்தது. சிறுநீரக மாற்று அறுவைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. இல்லாதது சிறுநீரகம்தான். பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எப்போதும் அதிகம்.

அந்தக் காத்திருப்புக்குள்தான் புரோக்கர் வருகிறார். திருப்பூரிலிருந்து ஈரோடு போய், காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். விசைத்தறி ஊர். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அது தீராமல் வருடக்கணக்கில் அதே தறியில் நிற்பவர்கள் அங்கே உண்டு. அங்கே தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் விலைக்கு வாங்கப்பட்டதாக 2025 ஜூலையில் புகார் வெடித்தது. மாநில அரசு விசாரணைக் குழு அனுப்பியது, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது, ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. 2011 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு ஐந்து முதல் பத்து வருடம் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். விற்றவரும் அதே சட்டத்தின்படி குற்றவாளிதான். அதனால் பேசிய பணம் முழுதாகக் கைக்கு வராவிட்டாலும், போலீஸ் ஸ்டேஷன் படியேறிப் புகார் கொடுக்க அவருக்குத் தைரியம் வராது.