பழைய தில்லித் தெருச் சாப்பாடு: எல்லாம் ஷாஜகான் கொடுத்ததா?

பழைய தில்லியில் ஒரு கைடோடு தெருத்தெருவாக நடந்து சாப்பிடும் சுற்றுலா நிறைய நடக்கிறது. ஃபுட் வாக் என்கிறார்கள். காலையில் செங்கோட்டை எதிரில் கூட வேண்டும். மூன்றரை மணி நேரம் நடந்து, எட்டுப் பத்து இடங்களில் ஆளுக்குக் கொஞ்சம் தின்று, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். போன குளிர்காலத்தில் நானும் போனேன். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. எனக்கு நெருடியது கதைகள்தான்.

எங்கள் கைடு நல்ல மனிதர். முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு கடைக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வரிசையில் நிற்காமல் தட்டு வாங்கித் தருகிறார். ஆனால் எந்தத் தட்டைக் கையில் கொடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "இது ஷாஜகான் காலத்திலிருந்தே இருக்கிறது." சமோசாவும் ஷாஜகான், ஜிலேபியும் ஷாஜகான், சோலே பட்டூராவும் ஷாஜகான்! பாவம் அந்த மனிதர், தாஜ்மகால் கட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் அடுப்படியிலேயே நின்றிருப்பார் போலிருக்கிறது.

திரும்பி வந்து கொஞ்சம் படித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இது. அந்தத் தெருவில் நாம் இன்று தின்பதில் பெரும்பகுதியை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் அரசர்கள் இல்லை. 1857, 1947 என்ற இரண்டு ஆண்டுகளும், அவற்றில் வீடு இழந்து ஓடியவர்களும்தான். எல்லாவற்றையும் ஒரு பாதுஷாவின் கணக்கில் எழுதும்போது அவர்கள் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள்.

முதலில் ஷாஜகானுக்கு உரியதை அவருக்குக் கொடுத்துவிடுவோம். ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற நினைத்து 1639இல் அவர் தொடங்கிய நகரம்தான் ஷாஜகானாபாத், அதாவது பழைய தில்லி. 1648இல் அரண்மனைக்குள் குடிபுகுந்தார். செங்கோட்டையிலிருந்து மேற்கே நேராகப் போகும் கடைத்தெருவை அமைத்தவர் அவருடைய மகள் ஜஹனாரா. தெருவின் நடுவே ஒரு கால்வாய் ஓடியது, சதுக்கத்தில் ஒரு குளம் இருந்தது. குளத்தில் நிலா தெரிந்ததால் சாந்தினி சவுக் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கால்வாயும் குளமும் எப்போதோ போய்விட்டன. 1908இல் வந்த டிராம் வண்டியும் 1963இல் நின்றுபோனது. 2021இல் தெருவைச் சீரமைத்து, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகள் வரக்கூடாது என்று செய்தார்கள். அதனால்தான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடிகிறது.

இப்போது சாட் கதை. பழைய தில்லியில் கைடுகள் எல்லோரும் சொல்லும் கதை இது. கால்வாய்த் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று அரண்மனை ஹக்கீம் எச்சரித்தாராம். வயிற்றைக் காக்க காரமும் புளிப்பும் நிறையச் சாப்பிடச் சொன்னாராம். அப்படிப் பிறந்ததுதான் சாட்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் கையில் இருந்த தட்டைப் பாருங்கள்: உருளைக்கிழங்கு, மிளகாய்த்தூள், மேலே தக்காளி. மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், ஐரோப்பியக் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தவை. அக்பர் காலத்தில், 1590களில் எழுதப்பட்ட அயினி அக்பரியில் அரண்மனைச் சமையலுக்கு அளவு வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதில் மிளகும் இஞ்சியும் உண்டு, மிளகாய் கிடையாது. உருளைக்கிழங்கு வட இந்தியச் சாப்பாட்டில் பெருமளவு புகுந்தது ஆங்கிலேயர் காலத்தில். (இந்த விஷயத்தில் நம் மொழி நேர்மையானது. 'மிளகாய்' என்ற சொல்லே, மிளகுதான் மூத்தது, இது பின்னால் வந்த காய் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது!) ஷாஜகானே இறங்கி வந்து இன்றைய ஆலு சாட்டைத் தின்றால் இது எந்த ஊர்ப் பண்டம் என்று கேட்பார்.

சரி, உண்மையிலேயே பழையது எதுவும் இல்லையா? இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவை முகலாயர்களை விடவும் பழையவை. 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் அவைக்கு வந்த இபின் பதூதா, அங்கே பரிமாறிய சம்பூசக் என்ற பண்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கொத்திய இறைச்சியோடு பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலா சேர்த்து மெல்லிய மாவில் பொதிந்து நெய்யில் பொரித்தது. நம் சமோசாவின் தாத்தா. பாபர் இந்தியாவுக்கு வர இன்னும் இருநூறு ஆண்டு இருந்தது. ஜிலேபியின் பெயர் அரபு, பாரசீக வழியில் வந்தது, ஆனால் 15ஆம் நூற்றாண்டுச் சமண நூல் ஒன்றிலேயே அது வந்துவிட்டது. தஹி பல்லா என்று தயிரில் மிதக்கவிட்டுத் தருகிறார்களே, அது நம் தயிர் வடைதான். கல்யாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசத்தில், 12ஆம் நூற்றாண்டிலேயே, ஊறவைத்த வடைகள் இருக்கின்றன. ஆக, பழையது என்று பெருமைப்பட ஷாஜகான் தேவையே இல்லை!

சாந்தினி சவுக்கில் மேற்கே நடக்கும்போது, பழைய கொத்வாலி இருந்த இடத்தை ஒட்டி மூன்று சிறிய தங்கக் குவிமாடங்களோடு ஒரு மசூதி வரும். சுனேரி மசூதி, 1721இல் கட்டியது. எங்கள் கூட்டம் அதைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கடைக்குப் போய்விட்டது. 1739 மார்ச்சில் பாரசீகத்து நாதிர் ஷா இங்கே உட்கார்ந்துதான் தில்லி மக்களை வெட்டச் சொல்லி உத்தரவிட்டான். ஒரு நாளுக்குள் இறந்தவர்கள் 20,000க்கும் மேல் என்பது பொதுவான கணிப்பு. கலவரம் தொடங்கிய இடம் தானியச் சந்தை. பஹார்கஞ்சில் பாரசீகச் சிப்பாய்களுக்கும் வியாபாரிகளுக்கும் கோதுமை விலையில் வந்த தகராறு, நாதிர் ஷா செத்துவிட்டான் என்ற வதந்தியோடு சேர்ந்து ஊரெல்லாம் பரவியது என்கிறார்கள். உணவு வரலாறு சொல்லும் நடையில் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

அதை ஒட்டியே சீஸ்கஞ்ச் குருத்வாரா. ஔரங்கசீப்பின் ஆணைப்படி 1675இல் சீக்கியரின் ஒன்பதாவது குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்ட இடம். உள்ளே லங்கர் நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் காசில்லாமல் சாப்பிடலாம். பெரும்பாலான நடைகளில் இதை ஒரு நிறுத்தமாக வைத்திருக்கிறார்கள். எங்களையும் அழைத்துப் போனார், அந்த அளவில் மகிழ்ச்சி.

இப்போது 1857க்கு வருவோம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் தில்லியைத் திரும்பப் பிடித்ததும் ஊர் மக்களை மதில்களுக்கு வெளியே விரட்டினார்கள். இந்துக்கள் 1858 தொடக்கத்தில் திரும்பி வர அனுமதி கிடைத்தது. முஸ்லிம்கள் அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் நடுவில் இருந்த குடியிருப்புகள், சந்தைகள் எல்லாம் பீரங்கிக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இடிக்கப்பட்டன. கோட்டைக்குள்ளும் பெரும்பாலான மாளிகைகள் போயின. ஜும்மா மசூதியை 1862இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். தெருவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஃபதேபுரி மசூதியை லாலா சுன்னாமல் என்ற வியாபாரிக்கு விற்றுவிட்டு 1877இல் மீட்டுக் கொடுத்தார்கள். கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜஃபர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862இல் அங்கேயே இறந்தார். அரண்மனையே இல்லாமல் போனபிறகு அரண்மனைச் சமையல்காரர்கள் என்ன ஆவார்கள்?

இந்தப் பின்னணியோடு கடைப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். பராட்டே வாலி கலியின் கடைகள் தங்கள் தொடக்கத்தை 1870கள் என்கின்றன. தரீபா முனையில் இருக்கும் பிரபல ஜிலேபிக் கடை 1884. இரண்டுமே முகலாய ஆட்சி முடிந்த பிறகு வந்தவை! பராட்டாக் கடைகள் நடத்துவது பிராமணக் குடும்பங்கள், வெங்காயம் பூண்டு கூடச் சேர்ப்பதில்லை. (அந்தப் பராட்டாவைக் கல்லில் சுடுவதில்லை, வாணலியில் நெய்யில் பொரிக்கிறார்கள். ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.) ஊரே புதிய வியாபாரிகள் கைக்கு மாறிய காலத்தின் சாப்பாடு இது. சைவம், நெய், சந்தைக்கு வந்தவருக்கு வயிறு நிறைய வேண்டும் என்ற கணக்கு. விதிவிலக்கு கண்டேவாலா மிட்டாய்க் கடை. 1790இல் தொடங்கியது என்பார்கள். அது 2015இல் மூடப்பட்டபோது பத்திரிகைகளில் இரங்கல் செய்தி மாதிரி எழுதினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கரீம் ஓட்டலின் கதை. ஜும்மா மசூதிக்கு அருகில் கலி கபாபியான் என்ற சந்தில் இருக்கிறது. தங்கள் முன்னோர் முகலாய அரண்மனையில் சமைத்தவர்கள் என்றும், 1857க்குப் பிறகு தில்லியை விட்டு ஓடினார்கள் என்றும் அந்தக் குடும்பம் சொல்கிறது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜுக்குத் தில்லியில் தர்பார் நடந்தது. நாடெங்கிலும் இருந்து கூட்டம் வரும், சாப்பாடு விற்கலாம் என்று ஹாஜி கரீமுத்தீன் திரும்பி வந்து ஒரு சிறு கடை போட்டார். 1913இல் அது ஓட்டலானது. முதல் கடையில் விற்றது என்ன தெரியுமா? பருப்பும் ஆலு கோஷ்த்தும். அதாவது ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும்! அரண்மனைச் சமையல்காரர் வாரிசு, பாதுஷாவை விரட்டிய ஆங்கிலேய அரசின் முடிசூட்டு விழாக் கூட்டத்தை நம்பி, அந்த ஆங்கிலேயர் காலத்தில் பரவிய கிழங்கைப் போட்டுப் பிழைப்பைத் திரும்பத் தொடங்குகிறார். "ஷாஜகான் காலத்துச் சுவை" என்பதை விட இது எவ்வளவோ நல்ல கதை. கைடு ஏன் இதைச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

அடுத்த உடைப்பு 1947. பிரிவினையில் தில்லியிலிருந்து வெளியேறிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 3.3 லட்சம். மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் வந்து சேர்ந்த இந்து, சீக்கிய அகதிகள் ஏறத்தாழ 5 லட்சம். 1941 கணக்கெடுப்பில் சுமார் 9.2 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17.4 லட்சம். பத்தே ஆண்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! கையில் நிலம் இல்லை, முதல் இல்லை. அப்படி வந்தவர்களில் பலருக்கு ஒரு அடுப்பும் ஒரு கடாயும்தான் முதல் தொழில். கைடு ஷாஜகான் கணக்கில் எழுதிய சோலே பட்டூரா தில்லித் தெருக்களில் நிலைத்தது இந்த அகதிகளால். ஃபதேபுரியில் ரப்ரி ஃபலூதா விற்கும் கியானிக் கடையைத் தொடங்கியவர் லியால்பூரிலிருந்து (இன்று பாகிஸ்தானில் ஃபைசலாபாத்) வந்தவர். பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தரியாகஞ்சில் தொடங்கிய மோதி மகால்தான் தந்தூரி சிக்கனை நாடு முழுக்கப் பரப்பியது. பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தது எங்கள் தாத்தாவா உங்கள் தாத்தாவா என்று அந்த அகதிகளின் வாரிசுகள் நடத்தும் ஓட்டல்களுக்குள் 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. உலகம் முழுக்க ஓட்டல்களில் 'முகலாய்' என்ற தலைப்பின் கீழ் அச்சாகும் அந்தக் குழம்புக்காக!

அதே கட்டத்தில் போனவர்களையும் சொல்லவேண்டும். தில்லியிலிருந்து கராச்சிக்குப் போன குடும்பங்கள் தங்கள் நிஹாரியையும் எடுத்துக்கொண்டு போயின. இரவு முழுவதும் வேகவைத்து விடியலில் சாப்பிடும் கறி அது, 'நஹார்' என்ற பகலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இன்று கராச்சியில் தில்லிப் பெயர் தாங்கிய நிஹாரிக் கடைகள் இருக்கின்றன.

எங்கள் நடை முடிந்தது காரி பாவ்லியில். மசாலாச் சந்தை. உப்புத் தண்ணீர்ப் படிக்கிணறு என்று பெயருக்குப் பொருள், கிணறு இப்போது இல்லை. மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே எல்லோரும் இருமிக்கொண்டே நடந்தோம், இறக்குகிற தொழிலாளிகளும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு இருமுகிறார்கள். கைடு ஒரு வற்றல் மிளகாயை எடுத்து உயர்த்திக் காட்டி, "முகலாயர் சமையலின் ரகசியம்" என்றார். கூட்டத்தில் இருந்த ஒரு வயதான சர்தார்ஜி, அதுவரை வாயே திறக்காதவர், மெல்லச் சிரித்துவிட்டு "எங்கள் அப்பா ராவல்பிண்டியிலிருந்து வந்து இந்தத் தெருவில்தான் மூட்டை தூக்கினார்" என்றார். கைடு ஒரு நிமிடம் நின்று, எந்த ஆண்டு, எந்தக் கடை என்று கேட்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் சர்தார்ஜிதான் எங்களுக்குக் கைடு.